கொல்லிமலையில் தனியாகக் குடியேறலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்

மேடவாக்கம்வாசி:

வணக்கம். எனக்கு வயது 43, கல்யாணம் ஆகவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் மென்பொருள் வேலை. அம்மா ஆத்தூரில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். கடன் கிடையாது. சேமிப்பு ஓரளவு இருக்கிறது. எங்கிருந்தும் வாரத்தில் சில மணி நேரம் செய்யக்கூடிய வேலை ஒன்றும் பேசி வைத்திருக்கிறேன்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு நாள் ஒதுக்கிக் கொல்லிமலை ஏறிவிடுவேன். அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறும்போதே காற்று மாறிவிடும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். பசி வந்தால்தான் எழுந்திருப்பேன். அந்த ஒரு நாள் எனக்கு எதுவுமே தேவைப்படாது.

சென்னை திரும்பிய மறுநாளே பழைய படபடப்பு வந்துவிடுகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் போனைத் தடவிக்கொண்டிருக்கிறேன். ஆர்டர் போட்டு வாங்கிய பொருள்கள் பிரிக்காத பெட்டியாகவே அலமாரி மேல் கிடக்கின்றன. இவ்வளவு சம்பாதித்தும் ஒரு சாயங்காலத்தை நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் மலையிலேயே ஒரு சின்ன வீடு எடுத்து, கொஞ்சம் காய்கறி போட்டுக்கொண்டு, குறைந்த செலவில் தனியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும், மூன்று மாதத்தில் ஓடி வந்துவிடுவாய் என்கிறார்கள். உண்மையிலேயே அங்கே தனியாக வாழ்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். அந்த அமைதி பழகிப்போனால் சலித்துவிடுமா? ஒரு நாள் முழுக்க என்னதான் செய்கிறீர்கள்? மாதம் எவ்வளவு ஆகும்?

ராசிபுரத்தான்:

சார், நான் வியாபார விஷயமாக வாரா வாரம் மலைக்குப் போய் வருகிறவன். மனசு விஷயம் எனக்குத் தெரியாது, நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நிலம் வாங்கும் யோசனை இருந்தால் ஒத்திப்போடுங்கள். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள், கேரளத்து மலையாளிகள் இல்லை. அரசாங்கம் நிபந்தனையோடு கொடுத்த பட்டா நிலங்களை வெளியாட்கள் பேரில் நினைத்தபடி மாற்ற முடியாது. "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், அட்வான்ஸ் கொடுங்கள்" என்று சொல்கிற தரகரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வாடகைக்கு இருப்பதுதான் சரி.

இரண்டாவது, நீங்கள் பார்த்தது எல்லாம் நல்ல வெயில் நாளாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போய் ஒரு பத்து நாள் தங்கிப் பாருங்கள். மழை விடாமல் பிடிக்கும், பனிமூட்டத்தில் எதிர்வீடு தெரியாது, துணி காயாது, கரண்டு போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழையில் சாலையில் மண் சரிந்து வண்டி நிற்பதும் உண்டு. மலைமேலேயே செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய வைத்தியம் என்றால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்குத்தான் இறங்க வேண்டும், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கார்த்திகையைத் தாண்டியும் உங்களுக்கு ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள்.

வாழவந்திநாட்டு டீச்சர்:

தம்பி, நான் கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறேன். மலைக்குக் கீழே அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை, மகள் பெங்களூரில். மலைக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. ராசிபுரம் சார் சொன்னது அத்தனையும் உண்மை. நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நீங்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்த அந்த நாளை மனசில் வைத்துக்கொண்டு வராதீர்கள். அது விருந்தாளியின் நாள். சமைக்க வேண்டாம், தண்ணீர் பிடிக்க வேண்டாம், அடுத்த வாரத்துக்கு விறகு நனையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். குடியிருக்க வந்துவிட்டால் ஒரு நாளில் பாதி இதிலேயே போய்விடும். எனக்கு நிம்மதி வந்தது அந்தப் பாதியில்தான். காட்சியைப் பார்ப்பதற்கென்று நான் எழுந்து போனதே குறைவு.

காலையில் ஊற்றுத் தண்ணீர் குழாயில் ஒரு மணி நேரம் வரும். அதைப் பிடித்து வைத்தால் அன்றைக்குத் தண்ணீர் அவ்வளவுதான். சமையல், குளியல், பாத்திரம், செடி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முதலில் இது கஷ்டமாக இருந்தது. போகப்போக, எதற்கு எவ்வளவு வேண்டும் என்று கை தானாகவே அளந்தது. அதே அளவு மற்றதிலும் வந்தது. சேலத்தில் இருந்தபோது பீரோ நிறைய இருந்த புடவைகளில் இங்கே கொண்டுவந்தது சிலதுதான், எல்லாம் பருத்தி. பனியில் காய்வதற்கு இரண்டு நாள் ஆகும் என்பதால் கனமான துணியை ஆசைப்பட்டுக்கூட வாங்க மாட்டேன். ஆசையை அடக்கினேன் என்று இதைச் சொல்ல மாட்டேன். இந்த மலையில் அது உதவாது, அதனால் ஆசையே வரவில்லை.

வீட்டுக்காரர் குடும்பம் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார்கள், கீழே காப்பி, நடுநடுவே வாழை, பலா. தை மாதத்திலிருந்து மிளகுப் பறிப்பு. கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிக்க வேண்டும். ஒற்றை மூங்கிலை ஏணியாகச் சாத்தி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு அந்தப் பையன்கள் ஏறுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். நான் ஏற மாட்டேன், கீழே உதிர்ப்பதும் காயவைப்பதும் என் பங்கு. பச்சையாக மூன்று கிலோ போட்டால் காய்ந்து ஒரு கிலோ வரும். மேகம் திரண்டால் பாயோடு சுருட்டி உள்ளே கொண்டுபோக வேண்டும், அதனால் மிளகுக் காலம் முழுக்க வானத்தைப் பார்த்தபடியே இருப்பேன். முப்பது வருடம் மணி அடித்தால் வகுப்பு மாறியவளுக்கு, மேகத்தைப் பார்த்து வேலை மாற்றுவது பெரிய விடுதலையாக இருந்தது.

மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு பத்து நாளில் காப்பிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை போல வாசம், வீட்டுக்குள் அடுப்படி வரைக்கும் வரும். மூன்று நான்கு நாளில் வாடிவிடும். அந்த நாட்களில் நான் கீழே இறங்கும் வேலை எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன். மகள் கூப்பிட்டாலும் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எளிமையான சாப்பாடு என்றால் சாமை, தினை என்று இப்போது பெருமையாகப் பேசுகிறார்கள், 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபையே அறிவித்தது. ஆனால் இந்த மலையில் சாமை எப்படிக் குறைந்தது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மரவள்ளி போட்டால் சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் காசு கிடைத்தது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் உரல். சாமையின் உமி அவ்வளவு லேசில் போகாது. விடியும் முன்னே எழுந்து குத்த வேண்டும், அது முழுக்கப் பெண்கள் தலையில். "ரேஷன் அரிசி வந்தப்புறம்தான் எங்களுக்கு முதுகு நிமிர்ந்தது" என்றார் பாட்டி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காப்பாற்ற வேலை செய்து வருகிறது. அவர்கள் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது உமி நீக்கும் சின்ன இயந்திரங்களை ஊருக்குள்ளேயே கொண்டுவந்ததுதான். தம்பி, எளிமையான வாழ்க்கை என்று ஆசைப்படும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் எனக்கும் இது நாமே விரும்பி எடுத்துக்கொண்டது. இங்கே பிறந்தவர்களுக்கு அது அப்படி இருக்கவில்லை. அவர்கள் பிள்ளைகள் கான்கிரீட் வீடும் பைக்கும் கேட்டால் அதில் தப்பு சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நான் வாரத்தில் பாதி நாள் சாமைச் சோறுதான். அவரைக்காய்க் குழம்பு ஊற்றினால் அவ்வளவு நன்றாக இருக்கும். கீரை, அவரை, பூசணி வீட்டைச் சுற்றிப் போட்டிருக்கிறேன். மீதிக் காய்கறிக்குச் சோளக்காட்டுச் சந்தை.

செலவு கேட்டீர்கள். வீட்டு வாடகை 3,000 ரூபாய். மளிகை, கேஸ், கரண்டு, போன், பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 11,000-க்குள் முடிந்துவிடும். வைத்தியத்துக்கும், யார் வீட்டிலாவது கல்யாணம் காதுகுத்து என்றால் செய்வதற்கும் தனியாக எடுத்து வைக்கிறேன். அதைச் செலவில் சேர்க்காமல் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். ஊரில் ஒருவராக இருக்க வேண்டும் என்றால் மொய் எழுத வேண்டும்.

சலிக்குமா என்று கேட்டீர்கள். பறவைகளை எனக்குப் பேர் சொல்லத் தெரியாது, வந்தபிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். செம்மீசைச் சின்னான் வாசல் கம்பியில் வந்து உட்காரும். குக்குறுவான் ஒன்று ஆரம்பித்தால் எதிர்ச்சரிவிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும், வெயில் காலத்தில் நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். ஒரே மரத்தைத் தினமும் பார்த்தால் சலிக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். சரியாகப் பார்க்கப் பழகியதும் அது தினமும் வேறாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலாவில் எந்தக் கிளையில் எத்தனை பிஞ்சு நின்றது, எது உதிர்ந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஆளே வேண்டாம் என்று வராதீர்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். காலை ஏழு மணிக்கு என் கதவு திறக்கவில்லை என்றால் வீட்டுக்காரம்மா வந்து தட்டுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான். அவர் பேத்திக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுப்பது நான். என்னிடம் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை, நாள் முழுக்க நான் பேசாமல் இருந்தாலும் கோபித்துக்கொள்வதில்லை. இப்படி நாலு பேர் கூப்பிடு தூரத்தில் இருப்பதால்தான் என்னால் நிம்மதியாகத் தனியே இருக்க முடிகிறது. காட்டு ஓரத்தில் ஒதுக்குப்புறமாக வீடு காட்டுவார்கள், அழகாக இருக்கும். எடுக்காதீர்கள். ஊருக்கு நடுவில் எடுங்கள்.

நன்மங்கலம் நடை:

மேடவாக்கம்வாசி, டீச்சரம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்குப் போக ஆசைதான், போக முடியாது. மாமியார் படுக்கையில் இருக்கிறார், பையன் பத்தாவது. என்னைப் போல் இருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் இருக்கும் மேடவாக்கத்துக்குப் பக்கத்திலேயே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. 300 ஹெக்டேருக்கு மேல், நகரத்துக்குள் மிஞ்சியிருக்கும் புதர்க்காடு. பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை இருக்கிறது. நான் விடியற்காலை சாலையோரமாகவே நடப்பேன், உள்ளே போவதில்லை. கௌதாரி கூப்பிடுவது நன்றாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-ல் அதை ராம்சார் இடமாக, அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலையாக அறிவித்தார்கள். மார்கழியில் போனால் ஊசிவால் வாத்துகள், சில வருடங்களில் பூநாரைகள், எப்போதும் நீலத் தாழைக்கோழி. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு நாறும், இன்னொரு பக்கம் வண்டிச் சத்தம். அதற்கு நடுவில் ஒரு கூழைக்கடா தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தால் அன்றைய நாள் எனக்குப் போதும். மீதியிருக்கிற இந்தச் சதுப்பு நிலத்தையாவது விட்டுவைக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டுதான் திரும்புவேன்.

மலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மாதம் போனை வீட்டில் வைத்துவிட்டு இந்த இரண்டு இடத்துக்கும் போய்ப் பாருங்கள். இங்கே அரை மணி நேரம் உங்களால் சும்மா நிற்க முடிந்தால், அங்கேயும் முடியும் என்று நினைக்கிறேன். ஒருவேளை போகவே வேண்டாம் என்றுகூடத் தோன்றலாம்.

மேடவாக்கம்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நன்மங்கலத்துக்கு இன்று காலை போனேன். இத்தனை வருடம் அந்த வழியாக வண்டியில் போயிருக்கிறேன், நின்றதில்லை. கௌதாரி சத்தம் கேட்டது. போனை எடுத்துப் போகவில்லை, ஆனால் கை இரண்டு மூன்று தடவை பாக்கெட்டுக்குப் போனது.

டீச்சரம்மா, நிலம் வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன். புரட்டாசியிலிருந்து தை வரை வாடகைக்கு இருந்து பார்க்கலாம் என்று முடிவு. எனக்கு ஒரே பயம் சாயங்காலம்தான். இங்கேயே ஆறு மணிக்கு மேல்தான் எனக்கு மோசமாக இருக்கும். மலையில் ஆறரைக்கு இருட்டிவிடுமே, அப்புறம் தூங்கும் வரை என்ன செய்வீர்கள்? இன்னொன்று, அம்மாவுக்கு 71 வயது. நான் அங்கே போனால் என்னை வந்து பார்க்க வேண்டும் என்கிறார். அழைத்து வரலாமா?

வாழவந்திநாட்டு டீச்சர்:

தம்பி, சாயங்காலத்தைப் பற்றிக் கேட்டது நல்லது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பகலை மலை பார்த்துக்கொள்ளும். இருட்டிய பிறகு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறிலிருந்து ஏழரை வரை பிள்ளைகள் கணக்குப் போட வருவார்கள். மூன்று பேர், சில நாள் ஐந்து பேர். அவர்கள் போனதும் சாப்பிட்டுவிடுவேன். எட்டு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஒன்பது மணி வரை ஒரு நேரம் இருக்கிறது. முதல் மழைக்காலத்தில் அந்த ஒரு மணி நேரம் ரொம்பக் கடினமாக இருந்தது. இறந்துபோனவர்கள், பேசாமல் விட்ட பேச்சு, மகளிடம் காட்டிய கோபம் எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். வேறு எதிலாவது கவனத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று டிவி வாங்க நினைத்து, வாங்காமல் விட்டேன். வருகிறதை வரவிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தால் அழுதேன். ஒரு மழைக்காலம் அப்படிப் போனது. இப்போதும் சில நாள் வரும், ஆனால் அதைப் பார்த்துப் பயம் இல்லை. உங்களுக்கும் அந்த மணி நேரம் வரும். அன்றைக்கே பெட்டியைக் கட்டாதீர்கள், காலையில் தண்ணீர் பிடித்துவிட்டு முடிவு செய்யுங்கள். தாங்கவே முடியவில்லை என்றால் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்காருங்கள், ஒன்றும் கேட்க மாட்டார்கள். நாள் கணக்கில் அப்படியே இருந்தால் இறங்கிப் போய் டாக்டரைப் பாருங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இங்கே உங்களால் என்ன செய்துகொடுக்க முடியும் என்று இப்போதே யோசித்து வாருங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் இணையத்தில் போடத் தெரியாமல் செம்மேட்டுக்கும் நாமக்கல்லுக்கும் அலைகிறார்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் நீங்கள் அதைச் செய்தால் போதும், ஆறு மணிப் பயத்தில் பாதி குறைந்துவிடும்.

வரும்போது கம்பளி இரண்டு, நல்ல டார்ச், ரப்பர் செருப்பு, பாட்டரியில் ஓடுகிற ரேடியோ. புத்தகம் பெட்டி நிறையக் கொண்டுவராதீர்கள், பனியில் பூஞ்சை பிடிக்கும்.

அம்மாவை மழைக்காலத்தில் அழைத்து வர வேண்டாம். சித்திரை, வைகாசியில் நீங்கள் இங்கே இருந்தால் அப்போது வரட்டும், பலாப்பழமும் இருக்கும், குளிரும் தாங்கும். காரவள்ளி வழியில் 70 வளைவும் அந்த வயதில் தலை சுற்றவைக்கும். ஆத்தூரிலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாகவே ஏறிவிடலாம், வளைவு குறைவு. பஸ் நேரத்தை மட்டும் முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.